காலி என்று போட்ட மூன்று படங்கள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கார்டு விண்ணப்பமும், ஒன்றரை வருஷம் விலங்குகளின் பெயர்களும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். ஒருவரைப் பற்றிக் குறையாக எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. அதுவும் என்னை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசாத ஒருவரைப் பற்றி. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மேடம்தான்.

மேடத்தின் கையில் சிக்கிய எதுவும் குப்பைக்குப் போகாது. அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

சேந்தமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில், மூடிப்போன ஒரு கோழிப்பண்ணையின் தீவன அறையை வாடகைக்குப் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்கியிருந்தார்கள். மேடம், அவரிடம் படிக்கும் இரண்டு பையன்கள், ஜீப் ஓட்டும் மணி. எனக்குச் சமையலும் காட்டு வேலையும். அந்த அறையில் கோழித் தீவனத்தின் கருவாட்டு வாடை கடைசிவரை போகவில்லை. சுவரோரம் அலமாரி. அலமாரி நிறைய பாட்டில்கள். நரியின் விட்டை, மரநாயின் விட்டை, முள்ளம்பன்றியின் முள், செத்த வண்டு, பாம்புச் சட்டை, எல்லாவற்றிலும் தேதி. அது படிப்புக்கு வேண்டும், சரி. ஆனால் நாமக்கல்லுக்குப் போய் வந்த பஸ் டிக்கெட், அறுந்த செருப்பின் வார், தீர்ந்த பேனா, பழைய பேட்டரி எல்லாம் இன்னொரு பெட்டியில் இருந்தன. "இது எதுக்குங்க மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும் அக்கா" என்றார். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட்டும்போது ஒரு துண்டுக் காகிதத்தைக் குப்பையோடு சேர்த்துவிட்டேன். அதில் ஏதோ பாதி வரி எழுதியிருந்ததாம். மேடம் பின்பக்கம் போய் வேப்பஞ்சருகுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினார். நானும் தேடினேன். காகிதம் கிடைத்தது. அவர் திட்டவில்லை. அதைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நமக்கு எது தேவைப்படும்னு இன்னைக்குத் தெரியாதுக்கா. அதனால எதையும் போடக் கூடாது" என்றார். கெட்டிக்காரர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வேலை என்னவென்றால், மலைக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற கரட்டுக் காட்டில் என்னென்ன விலங்கு நடமாடுகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்காக மரத்தில் முழங்கால் உயரத்தில் காமிராவைக் கட்டி வைப்பார்கள். முன்னால் சூடான உடம்பு எது அசைந்தாலும் அது தானாகவே மூன்று படம் எடுத்துக்கொள்ளும். படத்தின் அடியில் தேதியும் நேரமும், அன்றைக்கு வானத்தில் எவ்வளவு நிலா என்பதும்கூட விழும். பத்து நாளைக்கு ஒருமுறை உள்ளே இருக்கிற கார்டை எடுத்து வருவோம்.

காமிராவைக் கட்டி முடித்ததும் அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவர் அதன் முன்னால் நாலு காலில் தவழ்ந்து போக வேண்டும். நின்று நடந்தால் ஆகாது. நரி போகிற உயரத்தில் போக வேண்டும். பையன்களுக்கு ஜீன்ஸ் பேண்ட்டில் முள் ஏறுமாம். மேடம் போனில் நேரம் பார்க்க வேண்டும். அதனால் நான்தான். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், காரைமுள்ளுக்குள் கையை ஊன்றித் தவழ்வேன். ஒவ்வொரு காமிராவிலும் முதல் படம் நான்தான்.

"அந்தப் படத்தை மட்டும் எடுத்துருங்க மேடம்" என்று கேட்டேன்.

"அது டெஸ்ட் படம் அக்கா. கடிகாரம் சரியா இருந்துச்சான்னு பார்க்க அதுதான் ஆதாரம். இருக்கட்டும். யாரு பார்க்கப் போறாங்க?"

மாசி மாசம் ஒரு காலேஜிலிருந்து ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு வேலையைக் காட்ட மேடம் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டார். நான் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். வேட்டியில் முதலில் வந்தது நான். நாலு காலில். முந்தானை தரையில் புரள்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது. "இதுதான் எங்களுக்குக் கிடைச்ச முதல் விலங்கு" என்றார் மேடம். பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். டம்ளர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது?

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அந்த வேலை பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் லாப்டாப்பில் படங்களைப் பிரித்துப் போடக் கற்றுக்கொடுத்தார். எனக்காகத் திரையிலிருந்த பெட்டிகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார்: நரி, முயல், மயில், மரநாய், காட்டுப்பூனை, நாய், ஆடுமாடு, மனிதர், காலி. வெயிலில் சூடேறிய புல் காற்றில் அசைந்து வெறுமனே எடுத்த படம் காலி. அதுதான் அதிகம். ஆயிரக்கணக்கில் வெறும் புல். "காலியை எல்லாம் அழிச்சா என்னுங்க, இடம் மிச்சமாவும்" என்று மணி ஒருமுறை சொன்னான். மேடம் அவனை ஏதோ கொலை செய்யச் சொன்னவனைப் போலப் பார்த்தார்.

வெயிலில் அவர் அலைந்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. குதிகாலில் முள் ஏறிச் சீழ் வைத்து, அதோடு பதினைந்து நாள் நடந்தார். ஒரு நாள்கூடக் கார்டு எடுக்கத் தவறவில்லை. பிடுங்கிய முள்ளையும் பாட்டிலில் போட்டுத் தேதி எழுதினார்.

இனி அந்த ஓடைக் காமிரா.

மேடம் வரைபடத்தில் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். கட்டத்துக்கு ஒரு காமிரா. ஓடைப் பக்கத்துக் கட்டத்துக்கு நான் ஒரு புங்கமரத்தைக் காட்டினேன். நரி தண்ணீருக்கு இறங்குகிற தடம் அங்கேதான். மேடம் கையிலிருந்த, இடம் காட்டும் கருவியைப் பார்த்தார். "கட்டத்தோட நடு இது இல்லை அக்கா. கிழக்கே இன்னும் அறுபது அடி" என்று நடந்து போய் ஒரு வேலமரத்தைத் தொட்டார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் விடிந்ததும் விளக்குமாற்றுக்கு ஈச்ச ஓலை வெட்டக் கரட்டுக்கு வருவார்கள். வீட்டைவிட்டு வெகுதூரம். வயிறு கேட்கும்போது ஒதுங்குவது அந்த வேலமரத்துக்குப் பின்னால் இருக்கிற புதர் மறைவில்தான். வேறு மறைவு அங்கே கிடையாது.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. ஆனால் மணி பக்கத்தில் நின்று காமிராப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பையன்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வேண்டாங்க மேடம். இங்க எதும் வராதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"வரலைன்னாலும் அது ஒரு தகவல்தானே அக்கா."

புதரைப் பார்த்தாற்போலக் கட்டினார்கள். நான் தவழ்ந்தேன். 'இங்கே ஆராய்ச்சிக் காமிரா உள்ளது' என்று என் கையெழுத்திலேயே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, காமிராவுக்கு மேலே அதே மரத்தில் கட்டினோம்.

அன்று சாயங்காலமே ஓலைக்குப் போகிற பெண்களின் வீடுகளுக்கெல்லாம் போய்க் கிழக்குப் புதர்ப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாரிடமும் சொன்னேன், ஒருத்தியைத் தவிர. சரசு அப்போது ஊரில் இல்லை. தங்கச்சி பிரசவத்துக்கு எருமப்பட்டி போயிருந்தாள். என் அடுத்த வீட்டுக்காரி, என்னைவிட நாலு வயது இளையவள். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் இருபது நாள் ஆகும். அந்த இருபது நாளும் எனக்குப் பேச்சுத்துணை அவள்தான். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்து, விடிந்ததும் மற்றவர்களுக்குக் காத்திராமல் தனியாக ஓலைக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரியாது.

கார்டு வந்தது. மத்தியானம் தனியாக உட்கார்ந்து படம் பிரித்துக்கொண்டிருந்தேன். மயில், மயில், காலி, முயல். அப்புறம் அந்த மூன்று படம். காலை ஆறு மணிக்கு மேல், நல்ல வெளிச்சம். அதை விவரிக்க மாட்டேன். மூன்றாவது படத்தில் ஏதோ சத்தம் கேட்டதுபோலத் தலையைத் தூக்கி நேராகப் பார்க்கிறாள். மூக்குத்தி தெரிகிறது.

அழிக்கும் பொத்தான் எதுவென்று எனக்குத் தெரியும். ஆனால் படங்களுக்கு வரிசை எண் உண்டு. நடுவில் ஒன்று குறைந்தாலும் மேடம் கண்டுபிடித்துவிடுவார். மனிதர் பெட்டியில் போட்டால் பையன்கள் திறந்து பார்ப்பார்கள். யோசித்து யோசித்து, மூன்றையும் இழுத்துக் காலி என்ற பெட்டியில் போட்டேன். ஆயிரம் புல்லுக்குள் யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். எதையும் வீணென்று நினைக்காத ஒருவரிடம் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

வேலை முடிகிற வாரம் வந்தது. மேடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு காலிப் படங்களை ஒருமுறை முழுவதும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார். பையன்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்பிலிருந்து குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க வாங்க. இதுல ஆள் இருக்காங்க. காலின்னு போட்டிருக்கீங்க."

போனேன். திரை முழுக்கச் சரசு. ஒரு பையன் ஜன்னலைப் பார்த்தான். இன்னொருவன் பார்க்கவில்லை.

"தப்பா விழுந்துருச்சுங்க."

"மூணுமேவா?" மேடம் மூன்றையும் மனிதர் பெட்டிக்கு மாற்றினார். பக்கத்திலிருந்த தாளில் 'பெண், ஒன்று' என்று நிரப்பினார். "பரவால்லை. கண்டுபிடிச்சுட்டோம்ல."

பையன்கள் வெளியே போகும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். என் ஆயுசில் ஒருவரிடம் அவ்வளவு கெஞ்சியதில்லை.

"எங்க ஊட்டுக்குப் பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க மேடம். அவ மானம்ங்க. அழிச்சுப் போடுங்க."

"ரா டேட்டாவை, மெஷின் எடுத்த அசலை, அழிக்கக் கூடாது அக்கா. ஒண்ணை அழிச்சா மத்ததை எப்படி நம்புவாங்க? அதுவுமில்லாம இதோட காப்பி பல்கலைக்கழகத்துல எங்க பெரிய சார்கிட்ட ஏற்கெனவே போயிருச்சு. இருக்கட்டும். யாருக்கும் காட்டமாட்டேன்."

எனக்குக் கண் முன்னால் அந்த வெள்ளை வேட்டி வந்தது.

மேடத்திடம் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சார்ஜ் போட்டுக் காதில் வைத்துக்கொள்வார். அவர் அம்மா அனுப்பிய பேச்சுகள் அதில் இருக்கின்றன, அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, சாப்பிட்டாயா என்று கேட்டதைக்கூட அழிக்கவில்லை என்று மணி சொல்லியிருந்தான். இதை எழுதுவது அவர்மேல் யாருக்காவது இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அல்ல. எனக்கு வரவில்லை. தன் அம்மாவின் குரலைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறவருக்கு அடுத்தவள் மானம் என்னவென்று தெரியாமலா இருக்கும் என்றுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம் சரசுவிடம் சொன்னேன். அவள் ஓலையைக் கிழித்துக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

"ஊருக்கெல்லாம் போயிச் சொன்னியாமா?"

"சொன்னேன்."

"என்கிட்ட?"

"நீ எருமப்பட்டி போயிருந்தியே சரசு. வந்தது தெரியாது."

"போன் இருக்குதல்லக்கா." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "கட்டறப்பவே அந்தம்மாகிட்ட இங்க நாங்க ஒதுங்குவோம்னு ஒரு வார்த்தை சொல்றக்கு என்ன?" என்றாள்.

"ஆம்பளைங்க நின்னாங்க."

"இப்பப் பாத்ததும் ஆம்பளைங்கதான்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவளே கோழிப்பண்ணைக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்கு வருவதைப்போல. மேடம் பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, என்ர படம் உங்ககிட்ட இருக்குதாமா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. உங்களைத் தேடி யாரும் எடுக்கலை. மெஷின் தானா எடுத்தது."

"மெஷின் மேல எனக்கு என்னுங்க கோவம்? அதுக்குக் கண்ணு இருக்குதா, மூக்கு இருக்குதா? நீங்க அழிச்சுப் போடுங்க, நான் போயிடறேன்."

"அங்க நோட்டீஸ் கட்டியிருந்தோமே."

"மரத்துல கட்டியிருந்தீங்க. அதைப் படிக்க முன்னால வந்தாத்தான் அது படம் புடிச்சிருதே அம்மணி."

மணி சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை. "உங்க பேர் எங்கயும் இருக்காது. நாங்க எழுதறது 'பெண், ஒன்று', அவ்ளோதான்."

"அந்த ஒண்ணு நானுங்களே."

"நான் யாருக்கும் காட்டமாட்டேன். நம்புங்க."

சரசு மடியிலிருந்து தன் போனை எடுத்தாள்.

"சரிங்க, நம்பறேன். நீங்க ஒருக்கா என்கூட அந்த மரத்துக்கு வாங்க. அதே எடத்துல, அதே மாதிரி உக்கோருங்க. நான் மூணே மூணு படம் எடுத்துக்கறேன். உங்க பேரு போடமாட்டேன். யாருக்கும் காட்டமாட்டேன்."

மேடத்தின் முகம் கழுத்துவரை சிவந்தது. ஒன்றரை வருஷத்தில் அவர் அப்படி ஆனதை அன்றுதான் பார்த்தேன். "என்ன இவ்ளோ அசிங்கமா பேசறீங்க?" என்றார்.

"அசிங்கமுங்களா?" என்றாள் சரசு. "தெரியாதோன்னு நெனைச்சேன். தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க."

மேடம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெரிய சாரிடம் இங்கிலீஷில் பேசினார். காலியான கோழிக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து, அறிக்கையில் முகத்தை மறைத்துவிடலாம், ஆனால் அசல் படம் அசலாகவே இருக்க வேண்டும், சார் அதைத்தான் சொல்கிறார் என்றார். வருத்தமாகத்தான் இருந்திருப்பார். ஆனால் ஒரு விரலால் அமுக்கக்கூடிய பொத்தான் அவருக்கு முன்னால் இருந்தது. அவர் அமுக்கவில்லை.

"வாரேனுங்க அம்மணி" என்று கும்பிட்டுவிட்டுச் சரசு எழுந்தாள். என்னைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். கடந்து போனாள். என்னிடம் வாரேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மேடம் படங்களெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க் இரண்டையும் துண்டில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பெட்டி கனமாக இருந்தது. நான்தான் ஒரு பக்கம் பிடித்து ஜீப்பில் ஏற்றினேன்.